மான்ட்கமரியின் இன்னொரு பஸ் சர்வீஸ்: 381 நாள் ஒரு ஊர் வேலைக்குப் போன கதை

ரோசா பார்க்ஸ் இருக்கையை விட்டு எழ மறுத்தார். மார்ட்டின் லூதர் கிங் மேடை ஏறினார். உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பஸ்ஸில் கறுப்பினத்தவர் நடத்தப்பட்ட விதத்தை எதிர்த்து 1955-56-இல் அமெரிக்காவில் நடந்த மான்ட்கமரி பஸ் புறக்கணிப்பு என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது இந்த மூன்றும்தான். முதலாவது நடந்ததற்கும் அந்தத் தீர்ப்பு ஊரில் நடைமுறைக்கு வந்ததற்கும் நடுவே ஓராண்டுக்கு மேல் ஓடியிருக்கிறது. அவ்வளவு நாளும் வெள்ளையர் வீடுகளில் சமையலும் துணி துவைப்பும் செய்த பெண்கள், கடைகளில் மூட்டை தூக்கிய ஆண்கள், பள்ளிப் பிள்ளைகள் எல்லோரும் காலையில் எப்படிக் கிளம்பிப் போனார்கள், இருட்டுவதற்குள் எப்படி வீடு திரும்பினார்கள்? இந்த நிகழ்வு ஆய்வு அந்தக் கேள்வியைப் பற்றியது மட்டும்.

அதைத் தேர்ந்தெடுக்க ஒரு காரணம் உண்டு. நகர நிர்வாகமும் அதையேதான் குறிவைத்தது. டாக்சிக் கட்டணச் சட்டம், போக்குவரத்து அபராதம், ஓட்டுநர் உரிமம், புறக்கணிப்புத் தடைச் சட்டம், கடைசியாக ‘லைசென்ஸ் இல்லாமல் போக்குவரத்து நடத்துகிறார்கள்’ என்ற வழக்கு. மேடைப் பேச்சால் தங்களுக்கு நஷ்டம் இல்லை, ஓடும் வண்டியால்தான் நஷ்டம் என்பது அதிகாரிகளுக்கு நன்றாகப் புரிந்திருந்தது.

பஸ்ஸுக்குள் இருந்த சட்டம்

அமெரிக்காவின் தெற்கே அலபாமா மாநிலத் தலைநகரம் மான்ட்கமரி. 1955-இல் அங்கே சுமார் 50,000 கறுப்பின மக்கள் இருந்தார்கள். பஸ் பயணிகளில் ஏறத்தாழ முக்கால் பங்கு அவர்கள்தான். பஸ்ஸை ஓட்டிய மான்ட்கமரி சிட்டி லைன்ஸ் உள்ளூர்க் கம்பெனி அல்ல. சிகாகோவில் இருந்த நேஷனல் சிட்டி லைன்ஸின் கிளை. நகரம் கொடுத்த உரிமத்தின் பேரில் ஓடியது.

முன்பக்கம் முதல் 10 இருக்கைகள் வெள்ளையருக்கு. அவை காலியாகக் கிடந்தாலும், கறுப்பினத்தவர் கால் கடுக்க நின்றாலும், உட்காரக் கூடாது. அதற்குப் பின்னால் இருந்த நடு வரிசைகள்தான் அன்றாடச் சண்டைக்குக் காரணம். வெள்ளையர் கூட்டம் கூடினால் எல்லைக் கோட்டை ஓட்டுநர் பின்னால் தள்ளுவார். உட்கார்ந்திருப்பவர்கள் எழ வேண்டும். பஸ்ஸுக்குள் ஓட்டுநருக்குப் போலீஸ் அதிகாரத்தையே நகரச் சட்டம் கொடுத்திருந்தது. முன்வாசலில் காசைக் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கி, பின்வாசல் வழியாக ஏறச் சொல்வதும் வழக்கம். இறங்கி நடப்பதற்குள் பஸ்ஸை எடுத்துக்கொண்டு போய்விட்ட ஓட்டுநர்கள் உண்டு. காசு போனது போனதுதான்.

போராட்டத்தின் முதல் கோரிக்கைகள் எவ்வளவு அடக்கமாக இருந்தன என்பதைப் பார்த்தால் இன்று ஆச்சரியமாக இருக்கிறது. பிரிவினையையே எடுத்துவிடுங்கள் என்று அவர்கள் கேட்கவில்லை. மரியாதையாக நடத்துங்கள், வெள்ளையர் முன்னாலிருந்தும் நாங்கள் பின்னாலிருந்தும் வந்த வரிசைப்படி உட்கார்ந்துகொள்கிறோம், உட்கார்ந்தவரை எழுப்பாதீர்கள், எங்கள் பகுதி வழித்தடங்களில் எங்கள் ஆட்களை ஓட்டுநராக வையுங்கள். இவ்வளவுதான். இரண்டாவது கோரிக்கையில் கேட்ட ஏற்பாடு அதே அலபாமாவின் மொபீல் நகரில் ஏற்கெனவே நடப்பில் இருந்தது. ஆனாலும் மான்ட்கமரியில் அது சட்டப்படி முடியாது என்றார் கம்பெனி வக்கீல்.

டிசம்பருக்கு முன்பே இருந்தவை

திடீரென்று பொங்கி எழுந்த கோபம் என்று இதைச் சொல்வது வசதியான கதை. உண்மையில், பார்க்ஸ் கைதாவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அந்த ஊரில் அமைப்புகளும் ஆட்களும் சேர்ந்த ஒரு பின்னல் தயாராக இருந்தது.

1946-இல் அலபாமா அரசுக் கல்லூரியின் ஆங்கிலப் பேராசிரியை மேரி ஃபேர் பர்க்ஸ் பெண்கள் அரசியல் கழகத்தை ஆரம்பித்தார். பெரும்பாலும் ஆசிரியைகள், படித்த நடுத்தர வர்க்கத்துப் பெண்கள். 1949-இல் அதே கல்லூரிக்கு வேலைக்கு வந்த ஜோ ஆன் ராபின்சன், ஏறக்குறைய காலியாக இருந்த ஒரு பஸ்ஸில் தெரியாமல் முன்பக்கம் உட்கார்ந்துவிட்டார். ஓட்டுநர் கத்திய கத்தலில் அழுதுகொண்டே இறங்கினார். அடுத்த ஆண்டு கழகத்தின் தலைமை அவர் கைக்கு வந்தபோது, பஸ் விவகாரத்தை முதல் வேலையாக எடுத்தார். 1954 மே மாதம், பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்ன சில நாட்களிலேயே, மேயர் டபிள்யூ.ஏ. கேலுக்கு ஒரு கடிதம் எழுதினார். உங்கள் பயணிகளில் முக்கால்வாசி நாங்கள். எங்கள் ஆதரவு இல்லாவிட்டால் பஸ் ஓடாது. இருபத்தைந்துக்கும் மேற்பட்ட உள்ளூர் அமைப்புகள் புறக்கணிப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கின்றன என்பது அதன் சாரம். மிரட்டல் தொனி துளியும் இல்லாத, கணக்குச் சொல்கிற கடிதம். மேயர் கண்டுகொள்ளவில்லை.

ரயிலில் படுக்கைப் பெட்டி உதவியாளராக வேலை பார்த்த இ.டி. நிக்சன் இன்னொரு முனை. தொழிற்சங்கக்காரர், போலீஸ் ஸ்டேஷனில் யாரைப் பார்த்தால் ஆளை வெளியே கொண்டுவரலாம் என்று தெரிந்தவர். ரூஃபஸ் லூயிஸ் மூன்றாவது முனை. முன்னாள் கால்பந்துப் பயிற்சியாளர். வாக்காளர் பதிவுக்காக அலைந்தவர். அவர் நடத்திய கேளிக்கை விடுதிக்குள் நுழைய வேண்டுமானால் வாக்காளராகப் பதிவு செய்திருக்க வேண்டும்! இவர்கள் மூவரும் எப்போதும் ஒத்துப்போனவர்கள் அல்ல; வர்க்கமும் வேறு, வட்டமும் வேறு.

1955 மார்ச்சில் 15 வயது கிளாடெட் கோல்வின் பஸ்ஸில் எழ மறுத்துக் கைதானபோதே புறக்கணிப்பு நடந்திருக்கலாம். தலைவர்கள் தயங்கினார்கள்: வயது போதாது, ஏழைக் குடும்பம், நீதிமன்றத்தில் தாக்குப்பிடிப்பாளா என்றெல்லாம் யோசித்தார்கள். அந்தப் பெண்ணுக்கு இழைத்த அநீதியை இந்தப் பின்னல் கடைசிவரை சரிசெய்யவில்லை என்பதையும் பதிவு செய்துவிடுகிறேன்.

ஒரே இரவில் துண்டறிக்கை

1955 டிசம்பர் 1, வியாழன் மாலை ரோசா பார்க்ஸ் கைதானார். நிக்சன் ஜாமீனுக்குப் போனார். செய்தி ராபின்சனுக்கு எட்டியபோது இரவு வெகுநேரமாகிவிட்டது. அவர் கூட்டம் கூட்டவில்லை, யாரிடமும் அனுமதியும் கேட்கவில்லை. கல்லூரியின் வணிகத் துறைத் தலைவர் ஜான் கேனனையும் இரண்டு மாணவர்களையும் கூட்டிக்கொண்டு கல்லூரிக்கே போனார். நகலெடுக்கும் இயந்திரத்தில் விடிய விடியப் பல்லாயிரம் துண்டறிக்கைகள் ஓட்டினார்கள். ஒரு தாளில் மூன்று அறிக்கை, பிறகு வெட்டிப் பிரித்தார்கள். திங்கட்கிழமை யாரும் பஸ்ஸில் ஏறாதீர்கள் என்பதுதான் வாசகம்.

வெள்ளிக்கிழமை காலை முதல் வகுப்பை எடுத்துவிட்டு, மாணவர்களோடு காரில் கிளம்பினார். எந்தத் தெருவில் யாரிடம் துண்டறிக்கைக் கட்டைக் கொடுக்க வேண்டும் என்ற திட்டம் கழகத்திடம் முன்பே இருந்தது. பள்ளிகள், கடைகள், அழகு நிலையங்கள், முடிதிருத்தகங்கள் என்று மதியத்துக்குள் போய்விட்டது. அரசுக் கல்லூரியின் தாளையும் இயந்திரத்தையும் அரசுக்கு எதிரான வேலைக்குப் பயன்படுத்தியிருந்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். கல்லூரித் தலைவர் கூப்பிட்டு விசாரித்தார். தாளுக்கான காசைக் கழகம் கட்டிவிடும் என்று ராபின்சன் சொன்னார், கட்டியும் விட்டார். அதன் பிறகு ஓராண்டும் அவர் பெரும்பாலும் பின்னணியிலேயே இருந்ததற்குக் காரணம் இந்த வேலைதான். சம்பளம் கொடுப்பது மாநில அரசு.

எதிர்த்தரப்பும் தன் பங்குக்கு உதவியது. ஞாயிற்றுக்கிழமை உள்ளூர் நாளிதழ் ‘மான்ட்கமரி அட்வர்டைசர்’ புறக்கணிப்புத் திட்டத்தைப் பற்றி முதல் பக்கத்தில் எழுதியது. துண்டறிக்கை கிடைக்காதவர்களுக்கும் செய்தி போய்ச் சேர்ந்தது. கறுப்பின ரவுடிகள் பயணிகளை மிரட்டித் தடுப்பார்கள் என்று சொல்லி, திங்கட்கிழமை பஸ்களுக்குப் பின்னால் மோட்டார் சைக்கிள் போலீஸை அனுப்பினார்கள். ஏறலாமா வேண்டாமா என்று தயங்கி நின்ற சிலர், போலீஸைப் பார்த்ததும் நடையைக் கட்டினார்கள்.

அதே திங்கட்கிழமை பார்க்ஸுக்கு 10 டாலர் அபராதமும் 4 டாலர் செலவுத் தொகையும் விதிக்கப்பட்டன. புறக்கணிப்பை ஒரு நாளோடு நிறுத்தாமல் தொடர்ந்து நடத்த, அன்று பிற்பகலே மான்ட்கமரி முன்னேற்றச் சங்கம் உருவானது. தலைவராக 26 வயதுப் பாதிரியார் கிங்கைத் தேர்ந்தெடுத்தார்கள். ஊருக்கு வந்து அதிக நாள் ஆகாதவர், உள்ளூர்ச் சண்டைகளில் எந்தப் பக்கமும் சேராதவர் என்பது அவரது தகுதிகளில் ஒன்று.

டாக்சி போனது, கார் வந்தது

முதல் சில நாள் டாக்சிகள் கைகொடுத்தன. கறுப்பினத்தவர் நடத்திய 18 டாக்சி நிறுவனங்கள், சுமார் 210 வண்டிகள். பஸ் கட்டணமான 10 சென்ட்டுக்கே ஆளை ஏற்றிச் சென்றன. நகர நிர்வாகத்தின் முதல் அடி அங்கேதான் விழுந்தது. டாக்சிக்குக் குறைந்தபட்சக் கட்டணம் 45 சென்ட் என்று ஒரு பழைய சட்டம் இருக்கிறது, அதை அமல்படுத்துவோம் என்றார் போலீஸ் ஆணையர் கிளைட் செல்லர்ஸ். ஏழை வீட்டு வேலைக்காரப் பெண் ஒருத்தி ஒரு நாளைக்குப் போக வர 90 சென்ட் கொடுக்க முடியாது. ஒரே வாரத்தில் அந்த வழி அடைபட்டது.

கிங் லூசியானாவின் பேட்டன் ரூஜ் நகரிலிருந்த பாதிரியார் தியோடர் ஜெமிசனுக்குப் போன் போட்டார். 1953 ஜூனில் அங்கே ஒரு பஸ் புறக்கணிப்பு ஒரு வாரத்துக்குச் சற்று மேல் நடந்திருந்தது. கட்டணம் வாங்காமல் தனியார் கார்களில் ஆளை ஏற்றுவது எப்படி, எரிபொருள் செலவை எப்படி ஈடுகட்டுவது என்று நடைமுறையாகச் சொல்லிக்கொடுத்தார் ஜெமிசன். அடுத்த பொதுக்கூட்டத்தில் கிங் கேட்டதும், காரைத் தருகிறோம் என்று 150 பேருக்கு மேல் பெயர் கொடுத்தார்கள். பிறகு அது 300 கார் வரை போனது.

போக்குவரத்துக் குழுவுக்குத் தலைவர் ரூஃபஸ் லூயிஸ். எந்தத் தெருவிலிருந்து எந்தத் தெருவுக்கு எவ்வளவு பேர் போகிறார்கள் என்பது யாருக்குத் தெரியும்? தபால்காரர்களுக்கு. கறுப்பினத் தபால் ஊழியர்கள் நகர வரைபடத்தை விரித்து வைத்துத் தடம் போட்டார்கள். டிசம்பர் இரண்டாவது வாரத்துக்குள் காலையில் கிளம்ப 48 இடங்கள், மாலையில் திரும்ப ஏற்றிக்கொள்ள 42 இடங்கள் என்று பட்டியல் அச்சாகி வந்துவிட்டது. காலை இடங்கள் பெரும்பாலும் தேவாலயங்கள். மழை பெய்தால் உள்ளே நிற்கலாம், குளிருக்கு ஒதுங்கலாம். மாலை இடங்களைத் தேர்ந்தெடுப்பதுதான் கஷ்டம். வெள்ளையர் குடியிருப்புகளில் ஆங்காங்கே சிதறி வேலை பார்க்கும் பெண்கள் நடந்து வந்து சேரக்கூடிய முனைகளாக இருக்க வேண்டும். நகர மையத்தில் கறுப்பினத்தவருக்குச் சொந்தமான ஒரு கார் நிறுத்துமிடம் மாற்று வண்டி ஏறும் சந்திப்பானது. மருந்துக்கடைக்காரர் ரிச்சர்ட் ஹாரிஸ் ஒரு பக்கம் மருந்து கட்டிக்கொண்டே, மறுபக்கம் போனில் எந்த முனையில் ஆள் காத்திருக்கிறார்கள் என்று வண்டிகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இந்தக் கார்களுக்குள் நடந்த ஒன்றை எண்ணிக்கையில் காட்ட முடியாது. அதுவரை ஒரே இனத்துக்குள்ளேயே பேராசிரியரும் சலவைக்காரப் பெண்ணும் ஒரே வண்டியில் தினமும் உட்கார்ந்ததில்லை, இப்போது உட்கார்ந்தார்கள். வாரத்துக்கு இரண்டு முறை, திங்களும் வியாழனும், தேவாலயம் மாற்றித் தேவாலயம் நடந்த பொதுக்கூட்டங்களுக்குப் பொருள் கிடைத்ததும் இங்கிருந்துதான்: எந்த முனையில் வண்டி வரவில்லை, எந்த ஓட்டுநர் முகம் சுளித்தார், எங்கே போலீஸ் நிற்கிறது என்ற தகவலெல்லாம் அங்கே வந்து கொட்டும், மறுநாள் தடம் திருத்தப்படும்.

வெள்ளையரிலும் சிலர் இதில் இருந்தார்கள். கறுப்பினச் சபை ஒன்றின் வெள்ளையரான லூத்தரன் பாதிரியார் ராபர்ட் கிரெட்ஸ் தினமும் காலையில் வண்டி ஓட்டினார். தங்கள் வீட்டு வேலைக்காரப் பெண்களைத் தாங்களே காரில் அழைத்துவந்த எஜமானிகளின் கணக்கு தனி. அவர்களில் பலருக்குப் போராட்டத்தின் மேல் எந்த அபிமானமும் இல்லை. துணி துவைக்க ஆள் வேண்டும், அவ்வளவே. இதை நிறுத்துங்கள் என்று மேயர் கேட்டுக்கொண்டபோது, அப்படியானால் மேயரே வந்து துவைத்துப் போடட்டும் என்ற பதில் ஊரில் உலவியது. நூலகர் ஜூலியட் மார்கன் டிசம்பரிலேயே நாளிதழுக்கு எழுதிய கடிதத்தில் இந்தப் புறக்கணிப்பைக் காந்தியின் உப்பு யாத்திரையோடு ஒப்பிட்டார். அதற்காக அவர் பட்ட துன்புறுத்தல் கொஞ்சநஞ்சமல்ல.

காசு எங்கிருந்து வந்தது

வண்டி ஓட எரிபொருள் வேண்டும், டயர் வேண்டும், பழுது பார்க்க வேண்டும். சீக்கிரமே மாதச் செலவு 5,000 டாலரைத் தொட்டது. வடமாநிலங்களிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் நன்கொடை வந்தது உண்மை. ஆனால் அது செய்தி பரவிய பிறகு வந்த பணம். தொடக்கத்தில் தாங்கியது உள்ளூர்க் காசு.

அதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி ஜார்ஜியா கில்மோரின் சமையலறை. ஓர் உணவகத்தில் சமையல்காரி. பருத்த உடம்பு, அதைவிடப் பெரிய வாய், யாருக்கும் பயப்படாதவர். சக பெண்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு வறுத்த கோழி, சாண்ட்விச், பை, கேக் என்று செய்து அழகு நிலையங்களிலும் சலவைக்கடைகளிலும் வீடு வீடாகவும் விற்றார். தன் குழுவுக்கு ‘எங்கிருந்தோ வந்த மன்றம்’ என்று பெயர் வைத்தார். காரணம் கேலி அல்ல, பாதுகாப்பு. யார் சமைத்தார்கள், யார் வாங்கினார்கள் என்று வெளியே தெரிந்தால் வெள்ளையர் வீட்டில் வேலை போய்விடும். பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் ‘எங்கிருந்தோ வந்தது’ என்று பொய் சொல்லாமலே பதில் சொல்லிவிடலாம். தெரியாமலே வாங்கித் தின்ற வெள்ளை வாடிக்கையாளர்களின் காசும் இந்தக் கணக்கில் சேர்ந்தது. நகரின் மறுபக்கத்தில் ஐனெஸ் ரிக்ஸ் என்பவர் போட்டிக்கு இன்னொரு மன்றம் ஆரம்பித்தார். இந்த வாரம் யார் அதிகம் சேர்த்தது என்று பொதுக்கூட்டத்தில் அறிவிக்கும்போது எழுந்த கைதட்டல், சொற்பொழிவுக்குக் கிடைத்ததைவிடக் குறைந்ததாக இருந்திருக்காது.

ரசீதில் பெயர் இல்லாத பணத்தை அரசால் முடக்க முடியாது என்பதை எந்த வக்கீலும் சொல்லாமலே அந்தச் சமையல்காரி புரிந்துகொண்டிருந்தார்.

இறுக்கிப் பிடித்த குளிர்காலம்

1956 ஜனவரியில் நகர நிர்வாகத்தின் பொறுமை தீர்ந்தது. பஸ் கட்டணத்தை 10 சென்ட்டிலிருந்து 15 ஆக உயர்த்த வேண்டியதாயிற்று. செல்லர்ஸும் பிறகு மேயரும் இனப் பிரிவினையைக் காக்க அமைந்த வெள்ளையர் குடிமக்கள் மன்றத்தில் வெளிப்படையாகச் சேர்ந்தார்கள்.

முதலில் ஒரு தந்திரம். ஜனவரி 21, சனிக்கிழமை, சங்கத்தில் இல்லாத மூன்று கறுப்பினப் பாதிரியார்களை அழைத்துப் பேசிவிட்டு, உடன்பாடு ஏற்பட்டுவிட்டது என்று ஞாயிறு நாளிதழுக்குச் செய்தி கொடுத்தார்கள். திங்கட்கிழமை ஜனங்கள் பஸ் ஏறிவிட்டால் கதை முடிந்தது. மினியாபொலிஸில் இருந்த பத்திரிகையாளர் கார்ல் ரோவன் செய்தி நிறுவனம் அனுப்பிய தந்திச் செய்தியில் இதைப் பார்த்துச் சந்தேகப்பட்டு, சனி இரவே கிங்குக்குப் போன் செய்தார். பாதிரியார்கள் சிலர் கிளம்பி ஊரில் திறந்திருந்த இரவு விடுதிகளுக்கும் மதுக்கடைகளுக்கும் போய்ச் செய்தி பொய் என்று சொன்னார்கள். விடிந்ததும் பிரசங்க மேடைகளில் அதையே சொன்னார்கள். திங்கட்கிழமை பஸ்கள் காலியாகவே ஓடின. நாளிதழ், வானொலி இரண்டையும் வைத்திருந்தவர்களை வாய்வழிச் செய்தி 24 மணி நேரத்துக்குள் முந்தியது.

அதற்குப் பிறகு கெடுபிடி. கார் ஓட்டுநர்களை நிறுத்தி உரிமம், இன்ஷூரன்ஸ், வேலை செய்யும் இடம் என்று கேள்வி. அற்பக் காரணத்துக்கெல்லாம் அபராதச் சீட்டு. முனையில் காத்திருந்தவர்களை ஊர்சுற்றிகள் என்று கைது செய்வோம் என்று மிரட்டல். ராபின்சனுக்குச் சீட்டு மேல் சீட்டாக வந்தது. அவர் கார் மேல் அமிலம் ஊற்றினார்கள். ஜனவரி 26 அன்று, ஆட்களை ஏற்றிக்கொண்டு போன கிங்கையே 25 மைல் வேகப் பகுதியில் 30 மைலில் போனதாகப் பிடித்தார்கள். நான்கு நாள் கழித்து அவர் வீட்டில் குண்டு வெடித்தது. பிப்ரவரி 1 அன்று நிக்சன் வீட்டில்.

இந்தக் கட்டத்தை வெற்றிக் கதையாகச் சொல்பவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள்: கெடுபிடி வேலை செய்தது. உரிமம் போய்விடும், இன்ஷூரன்ஸ் போய்விடும் என்று பயந்து தன்னார்வ ஓட்டுநர்கள் பலர் பின்வாங்கினார்கள். முனைகளில் காத்திருப்பு நீண்டது. போராட்டம் உடையுமென்றால் அங்கேதான் உடைந்திருக்கும்.

இரண்டு காரியங்கள் அதைத் தடுத்தன. ஒன்று, பிப்ரவரி 1 அன்று வக்கீல் ஃபிரெட் கிரே கூட்டாட்சி நீதிமன்றத்தில் பஸ் பிரிவினைச் சட்டத்தையே எதிர்த்து வழக்குப் போட்டார். அடக்கமான கோரிக்கைகளின் காலம் அத்தோடு முடிந்தது. ஆரேலியா பிரௌடர், சூசி மெக்டொனால்ட், மேரி லூயிஸ் ஸ்மித், முன்பு கைவிடப்பட்ட அதே கிளாடெட் கோல்வின் ஆகிய நான்கு பெண்கள் பெயரில் அந்த வழக்கு நின்றது. ரோசா பார்க்ஸ் அதில் இல்லை.

மற்றொன்றை அரசே செய்துகொடுத்தது. தொழிலாளர் போராட்டங்களை ஒடுக்க 1921-இல் கொண்டுவந்த புறக்கணிப்புத் தடைச் சட்டத்தைத் தூசி தட்டி எடுத்து, பிப்ரவரி 21 அன்று 89 பேர் மீது குற்றச்சாட்டு பதிந்தார்கள். பாதிரியார்கள், கார் ஓட்டுநர்கள், பார்க்ஸ், ராபின்சன் எல்லோரும் அதில். வந்து பிடிக்கட்டும் என்று காத்திராமல், நல்ல உடுப்பு உடுத்திக்கொண்டு நிக்சன் முதலில் போய் நின்றார். பின்னால் ஊரே போனது. என் பெயர் பட்டியலில் இல்லையா என்று கேட்டு ஏமாந்து திரும்பியவர்களும் இருந்தார்களாம். நாடு முழுக்கப் பத்திரிகைகள் வந்து இறங்கின. கிங்குக்கு மார்ச் 22 அன்று 500 டாலர் அபராதமும் அதே அளவு செலவுத் தொகையும், இல்லையேல் 386 நாள் சிறையும் என்று தீர்ப்பு. வெளியூர் நன்கொடை குவிய ஆரம்பித்தது அதன் பிறகுதான். அந்த விசாரணையில் சாட்சி சொன்னதற்காக ஜார்ஜியா கில்மோருக்கு வேலை போயிற்று. கிங் கொஞ்சம் பணம் கொடுத்து வீட்டிலேயே சாப்பாட்டுக்கடை நடத்தச் சொன்னார். அந்த வீட்டுச் சமையலறை பிற்பாடு தலைவர்கள் கூடிப் பேசும் இடமானது.

தேவாலயத்தின் பெயரில் வண்டி

நன்கொடைப் பணத்தில் சங்கம் 15-க்கும் மேற்பட்ட புதிய ஸ்டேஷன் வேகன்களை வாங்கியது. அவற்றைச் சங்கத்தின் பெயரில் பதியவில்லை. ஒவ்வொரு தேவாலயத்தின் பெயரில் ஒன்று, பக்கவாட்டில் பெயர் எழுதி. ஜனங்கள் அவற்றை ஓடும் தேவாலயங்கள் என்றார்கள். ஓட்டுநர்களுக்குச் சம்பளம், நேர அட்டவணை, கணக்கு எல்லாம் வந்தன. இரக்கத்தில் ஓடிய ஏற்பாடு சம்பளத்தில் ஓட ஆரம்பித்தது; அப்படி ஆனதால்தான் தாக்குப்பிடித்தது என்பது என் கருத்து. ஓராண்டு முழுக்க உற்சாகத்தை நம்பி எந்த வண்டியும் ஓடாது.

ஆனால் கண்ணுக்குத் தெரிகிற சொத்து சேர்ந்தால் அடிக்க வசதியான இடமும் சேர்கிறது. இந்த வண்டிகளின் இன்ஷூரன்ஸை உள்ளூர் நிறுவனங்கள் மீண்டும் மீண்டும் ரத்து செய்தன. இன்ஷூரன்ஸ் இல்லாமல் ஓட்டினால் ஒரே விபத்தில் தேவாலயச் சொத்தே போய்விடும். செப்டம்பரில் அட்லாண்டாவின் கறுப்பின இன்ஷூரன்ஸ் முகவர் டி.எம். அலெக்சாண்டர் வழியாக லண்டன் லாயிட்ஸில் பாலிசி கிடைத்தது. அலபாமா தேவாலய வண்டிக்கு அட்லான்டிக்கைத் தாண்டிப் போய்ப் பாதுகாப்பு வாங்க வேண்டியிருந்தது!

இதற்கிடையே ஜூன் 5 அன்று மூன்று நீதிபதிகள் கொண்ட கூட்டாட்சி நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் பஸ் பிரிவினை செல்லாது என்றது. நகரம் உச்ச நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு செய்தது. தீர்ப்பு வரும்வரை வண்டிகளை ஓட்டியாக வேண்டும்.

கடைசி அடி மிகச் சரியாகக் குறிபார்த்து விழுந்தது. கார் ஏற்பாடு பொதுத் தொல்லை, உரிமம் பெறாத தனியார் போக்குவரத்து; நகரத்துக்கு வர வேண்டிய வரியில் 15,000 டாலர் நஷ்டம், ஈடு தரச் சொல்லுங்கள் என்று மாநில நீதிமன்றத்தில் தடை கேட்டார்கள். சட்டரீதியாகப் பார்த்தால், நகரம் பதினோரு மாதமாக எடுத்ததில் இதுதான் உருப்படியான ஆயுதம்; டிசம்பரிலேயே இதை எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை. நவம்பர் 13 அன்று விசாரணை நடந்துகொண்டிருக்கும்போதே, இடைவேளையில் ஒரு செய்தியாளர் கிங்கின் கையில் ஒரு தாளைக் கொடுத்தார்: பஸ் பிரிவினை செல்லாது என்பதை உச்ச நீதிமன்றம் உறுதி செய்துவிட்டது. நீதிபதி யூஜீன் கார்ட்டர் அதற்குப் பிறகும் தடையை வழங்கினார். 48 முனைகளும், ஓடும் தேவாலயங்களும் அன்றோடு நின்றன.

உச்ச நீதிமன்ற உத்தரவு மான்ட்கமரிக்கு வந்து சேர டிசம்பர் 20 ஆயிற்று. இடையில் ஐந்து வாரத்துக்கு மேல் வண்டியும் இல்லை, பஸ்ஸும் ஏற மாட்டார்கள். தெருத் தெருவாகக் கார் வைத்திருந்த அண்டை வீட்டுக்காரர் தன் தெரு ஆட்களை மட்டும் ஏற்றிக்கொண்டு போகும் ஏற்பாட்டை அவசரமாகச் செய்தார்கள். அமைப்பு என்று சுட்டிக்காட்டித் தடை வாங்க அதில் எதுவும் இல்லை. மீதிப் பேர் நடந்தார்கள். டிசம்பர் 21 காலை பஸ் ஏறினார்கள்.

எதை வென்றது, எதை வெல்லவில்லை

கார் ஏற்பாடு சட்டத்தை மாற்றவில்லை, மாற்றியது வழக்கு. அப்படியானால் வழக்கை மட்டும் போட்டிருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. நான்கு பெண்கள் அலபாமாவில் அந்தக் காலத்தில் வாதியாக நிற்கத் துணிந்ததும் (ஐந்தாவதாக ஒருவர் மிரட்டலுக்குப் பயந்து விலகிக்கொண்டார்), நகரம் பேரம் பேசித் தீர்ப்பைத் தள்ளிப்போட முடியாமல் போனதும், காலி பஸ்கள் ஓடிக்கொண்டிருந்ததால்தான். வண்டிகள் வழக்குக்கு நேரம் வாங்கிக் கொடுத்தன.

அரசு ஒவ்வொரு வழியை அடைத்தபோதும் அடுத்ததற்கு மாறினார்கள்: டாக்சி, தன்னார்வக் கார், தேவாலய வண்டி, கடைசியில் தெருக் கார். ஒவ்வொரு மாற்றத்தையும் செய்தவர்கள் முந்தைய தொழிலில் அந்த வேலையைத் தெரிந்தவர்கள். தபால்காரர் தடம் போட்டார், சமையல்காரி நிதி திரட்டினார், மருந்துக்கடைக்காரர் போன் எடுத்தார். கிங் வந்திராவிட்டாலும் இவர்கள் இருந்திருப்பார்கள். இவர்கள் இல்லாமல் கிங் என்ன செய்திருப்பார் என்பது வேறு விஷயம்.

விலை கொடுத்ததும் பெரும்பாலும் இவர்கள்தான். டிசம்பர் கடைசியில் பஸ்கள் மீது துப்பாக்கிச் சூடு. ஒரு கர்ப்பிணிப் பெண்ணின் கால்களில் குண்டு பாய்ந்தது. 1957 ஜனவரி 10 அதிகாலை நான்கு தேவாலயங்களிலும் இரண்டு பாதிரியார் வீடுகளிலும் வெடிகுண்டு. அதில் ஒன்று கிரெட்ஸின் வீடு. வேலை இழந்த ரோசா பார்க்ஸ் அந்த ஆண்டே டெட்ராய்ட்டுக்குக் குடிபெயர்ந்தார். மாநில அரசின் நெருக்கடியில் ராபின்சனும் பர்க்ஸும் 1960-இல் கல்லூரியை விட்டுப் போனார்கள். பெண்கள் அரசியல் கழகத்தின் தலைமை அத்தோடு ஊரில் இல்லை. நடத்தியவர்களின் வாழ்வாதாரத்துக்கு நீண்டகாலப் பாதுகாப்பு எதையும் இந்த ஏற்பாடு கட்டிவைக்கவில்லை. அதன் பெரிய ஓட்டை என்று நான் நினைப்பது இதைத்தான்.

ஊரிலேயே நின்றவர்களில் ஒருவர் ஜார்ஜியா கில்மோர். வெள்ளையருக்கு மட்டுமான ஒரு பூங்கா வழியாகக் குறுக்கே நடந்ததற்காக அவர் மகனைப் போலீஸ்காரர்கள் அடித்தார்கள். 1958-இல் நகரப் பூங்காக்களின் பிரிவினையை எதிர்த்துத் தொடுக்கப்பட்ட வழக்கில் அவர் பெயரே முதல் பெயர். கறுப்பினத்தவரை உள்ளே விடுவதைவிட மூடிவிடுவது மேல் என்று முடிவு செய்த நகர நிர்வாகம், 1959 ஜனவரி 1 முதல் எல்லாப் பூங்காக்களையும் எல்லோருக்கும் பூட்டியது. அவை மறுபடி திறந்தது 1965-இல். வழக்கின் கிளைகள் நீண்டு 1974-இல் உச்ச நீதிமன்றம் வரை போனபோதும் தலைப்பில் இருந்தது அதே பெயர்: கில்மோர் எதிர் மான்ட்கமரி நகரம்.